பீட்ரூட் தண்ணீரும் ஒரு தோள்பட்டையும்

இன்று ஞாயிறு. மத்தியானத்துக்குப் பொரியல் பண்ணலாம் என்று பீட்ரூட்டைச் சீவிக்கொண்டிருந்தேன். குழாய் திறந்தே இருந்தது. தோலிலிருந்து வழிந்த சாறு தண்ணீரோடு சுழன்று, சிங்க் முழுவதும் சிவப்பாகக் கலங்கி, ஓட்டை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. என்ன தோன்றியதோ, எல்லாவற்றையும் வடியவிட்டேன். பிறகு ஒரு விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, நல்ல தண்ணீரைக் கொஞ்சம் பிடித்து, குழாயை மூடிவிட்டுப் பார்த்தேன். சாறு தோலுக்குப் பக்கத்திலேயே ஒரு நூல் போலப் படுத்துக்கிடந்தது. மற்ற இடமெல்லாம் தெளிவாக இருந்தது. விரலை எடுத்தேன். உடனே எல்லாம் கலங்கியது. மறுபடி அடைத்தேன்.

என் கணவர் எட்டிப் பார்த்து, "கைய வெட்டிக்கிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல. அவ ஞாபகம் வந்துடுச்சு" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போய்விட்டார்.

நீ இருந்திருந்தால் இந்நேரம் என் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டி "பாத்தியா?" என்று கேட்டிருப்பாய். எதைப் பார்த்தாலும் உனக்கு அந்த ஒரு சொல்தான். மானிட்டரில் ஒரு கோடு வளைந்தால் "பாத்தியா?" காண்டீனில் சாம்பார் நேற்றைய சாம்பாராக இருந்தால் "பாத்தியா?" நீ போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது. இன்னும் எதையாவது புதிதாகக் கண்டால் முதலில் உன்னிடம் சொல்லத்தான் வாய் வருகிறது. அதனால் இதை எழுதுகிறேன். எங்கே அனுப்புவது என்று மட்டும் கேட்காதே.

நாம் இருவரும் எவ்வளவு நேரம் சேர்ந்து வேலை செய்தோம், ஆனால் எவ்வளவு குறைவாக ஒருவரை ஒருவர் பார்த்தோம் என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஆபரேஷன் மேஜையில் நமக்கு நடுவில் எப்போதும் ஒரு பச்சைத் துணி. துணிக்கு இந்தப் பக்கம் நான், தோள்பட்டையோடு. அந்தப் பக்கம் மயக்க டாக்டராக நீ, தலையோடும் மூச்சோடும். உன் முகத்தைவிட உன் குரல்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் குரலில் சிவாஜிநகர் முழுவதும் இருக்கும். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, உருதுவில் சமாதானம் செய்வாய். திருவண்ணாமலையிலிருந்து வந்த எனக்கு முதல் மாதம் பாதி புரியவில்லை. புரிந்த பிறகு மற்றவர்கள் பேசுவதெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது.

தியேட்டருக்குள் நீ என்னை "மேடம்" என்பாய், கோபம் இருந்தால் அந்த மேடத்தை இன்னும் கொஞ்சம் நீட்டுவாய். வெளியே வந்தால் "வாடி" தான். எலும்பு டிபார்ட்மெண்டில் நான் ஒருத்திதான் பெண். நோயாளிகள் என்னைப் பார்த்துவிட்டு "டாக்டர் எப்ப வருவாரு?" என்று கேட்கும்போதெல்லாம், "இவங்க வந்தா அவரு வந்த மாதிரிதான்" என்று பதில் சொன்னவள் நீ.

நமக்குள் நடந்த சண்டை எல்லாம் ஒரே சண்டைதான். அதை இன்று ஒழுங்காக எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கிழிந்த தசைநாரைத் தோள் எலும்போடு சேர்த்துத் தைப்பது என் வேலை. பெரிதாக வெட்டாமல், பென்சில் நுழைகிற அளவுக்குச் சில துளைகள் போட்டுக்கொள்வோம். ஒன்றில் கேமரா போகும், மற்றவற்றில் கருவிகள். உள்ளே இடம் வேண்டும், கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதால் பம்ப் வைத்து உப்புநீரை விட்டுக்கொண்டே இருப்போம். எல்லாம் நன்றாக நடக்கும், எங்கேயாவது ஒரு சின்ன இரத்தக்குழாய் கசிகிற வரை. கேமரா அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் ஒரு சொட்டு இரத்தம்கூட திரையில் வெள்ளமாகத் தெரியும். திரை முழுக்கச் சிவப்பு. தசைநாரும் தெரியாது, ஊசியும் தெரியாது. உள்ளே கை வைத்திருக்கிறவருக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது.

முழங்கால் என்றால் இந்தக் கவலை இல்லை. தொடையில் பட்டையைக் கட்டி, இரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்தி வைக்கலாம். தோளுக்கு எங்கே கட்டுவது? "கழுத்துலதான் கட்டணும். கட்டட்டா?" என்று ஒருமுறை துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கேட்டாய். சிஸ்டர் சிரித்ததில் கையிலிருந்த தட்டு ஆடியது.

ஆகவே எங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, தண்ணீரின் வேகத்தை ஏற்றி, கசிகிற இரத்தத்தை உள்ளேயே தள்ளுவது. அப்படிச் செய்தால் தண்ணீர் சதைக்குள் இறங்கித் தோள் பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். இன்னொன்று, மயக்க டாக்டரிடம் கெஞ்சி நோயாளியின் இரத்த அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வது. நான் இரண்டாவது வழியின் ஆள். "மேடம், பி.பி. கொஞ்சம் கொறைங்களேன்" என்பதை நான் மந்திரம் போலச் சொல்வேன். ஆரோக்கியமான ஆள் என்றால் நீயும் "ஸ்வல்ப" என்று சொல்லிக் கொஞ்சம் குறைப்பாய். அதற்கு மேல் கேட்டால் உன் பிரசங்கம் தொடங்கும்.

"பேஷண்ட ஒக்கார வெச்சிருக்கோம். கைல கட்டின பட்டை கையோட பிரஷரத்தான் சொல்லும். மூளை அதுக்கும் மேல ஒக்காந்துனு இருக்கு. அங்க எவ்ளோ போவுதுன்னு அந்தப் பட்டைக்கு இன்னா தெரியும்?"

நீ சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் சரியாக இருப்பவர்களோடு வேலை செய்வது எவ்வளவு எரிச்சல் என்று உனக்குத் தெரியாது.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் கோபால். நீலசந்திராவில் சின்ன சலூன் வைத்திருந்தார். வலது தோளில் தசைநார் கிழிந்து, கை மார்பு உயரத்துக்கு மேல் எழவில்லை. முடி வெட்டுகிறவருக்குக் கை அந்த உயரத்தில்தானே நாள் முழுக்க நிற்க வேண்டும். மனிதர் விடவில்லை. பெரிய நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு, ஒரு குட்டி ஸ்டூலைப் போட்டு, வருகிறவர்களை அதில் உட்கார வைத்து, முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டே வெட்டினார். தாடி வைத்த ஆட்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்களாம். இரண்டு தடவை உட்கார்ந்தவர்கள் மூன்றாம் தடவை வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கு முந்தைய வருடம் அவருக்குச் சின்னதாக ஒரு பக்கவாதம் வந்து போயிருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்து, பேச்சுக் குழறி, மெல்லச் சரியானவர். நரம்பு டாக்டர் பார்த்து, இப்போது ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இரத்த அழுத்தம் இறங்கவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். சர்க்கரையும் இருந்ததால் பெரிதாக வெட்டித் திறப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

உன் அறையில் உட்கார்ந்து அவர் சொன்னது நினைவிருக்கிறதா? நீ அவரிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, "கைக்காக வாயப் பணயம் வெக்கறோமான்னு யோசிச்சுக்கோங்க" என்றாய்.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், எனக்கு ரெண்டும் வேணும். சலூன்ல வாய் ஓடலேன்னா, கை ஓடி இன்னா பிரயோஜனம்? முடி வெட்டறதுக்கா வராங்க? பேசறதுக்குத்தான் வராங்க."

அன்றைக்குக் காண்டீனில் நமக்குள் பெரிய வாக்குவாதம். பக்கத்து மேஜைக்காரர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள்.

"அவருக்கு பி.பி. கொறைக்க மாட்டேன். கேக்கவே கேக்காத" என்றாய்.

"அப்ப உள்ள எனக்கு எதுவும் தெரியாது. கண்ண கட்டிக்கிட்டா தைக்கறது?"

"தெரியலேன்னா, ஏன் தெரியலேன்னு பாக்கலாம். என்னமோ படிச்சேன்னியே, அது இன்னா?"

படித்திருந்தேன். கருவியை வெளியே எடுத்த பிறகு திறந்தே கிடக்கிற துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு ஓடும்போது, அந்த ஓட்டமே இரத்தத்தை உள்ளே இழுத்துக் கலக்கிவிடுகிறது, துளையை அடைத்தாலே தெளிந்துவிடும் என்று. அதைச் சொன்னேன். "ஆனா நம்பிக்கை வரல. இவ்ளோ சின்ன விஷயமாவா இருக்கும்?" என்றேன்.

"நம்பாத. நானும் நம்பல. ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா, செஞ்சு பாக்கலாம். வரப்ப சலைன் செட் ரெண்டு எடுத்துனு வா. பீட்ரூட் நான் வாங்கறேன்."

உன் வீட்டுக்கு வருவது எனக்கு எப்போதும் பிடிக்கும். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, துணிக்கடைகளையும் கறிக்கடைகளையும் தாண்டி, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அந்தச் சந்துக்குள் நுழைந்தால் உன் வீட்டு நீலக் கதவு. ஹாலில் புத்தர், பக்கத்தில் நீலக் கோட்டுக்காரர் படம், அதற்குக் கீழே டிவி, டிவிக்கு எதிரே உன் அப்பா. உங்கள் வீட்டில் யாரும் யாரையும் எதற்கும் தடுத்ததில்லை என்று நினைக்கிறேன். அடுக்களை ஜன்னல் கம்பியில் சலைன் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாய். நாற்காலி முதுகில் இன்னொரு பாட்டில். அதில் உப்புநீருக்குப் பதில் வடிகட்டிய பீட்ரூட் சாறு. நடுவில் ஐஸ்கிரீம் வந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா. ஊசியைக் காய்ச்சி மூன்று ஓட்டை போட்டு, ஒன்றில் நல்ல தண்ணீர்க் குழாய், அடியில் இருந்த ஒன்றில் சாறு வரும் குழாய் என்று சொருகி, ஆஸ்பத்திரி பிளாஸ்டரால் சுற்றி ஒட்டியிருந்தாய். மூன்றாவது ஓட்டை சும்மா திறந்திருந்தது.

"இதுதான் கோபால் அண்ணனோட தோளு" என்றாய்.

முதல் தடவை மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. என் துப்பட்டா, உன் நைட்டி, சுவர் காலண்டர், எல்லாவற்றிலும் சிவப்பு. ஹாலிலிருந்து உன் அப்பா, "யாருக்கம்மா அடிபட்டுது?" என்று கேட்டார். "யாருக்கும் இல்லப்பா, டாக்டருங்க வெளாடினு இருக்கோம்" என்றாய். அவர் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டார்.

இரண்டாம் தடவை மூடிக்கும் பிளாஸ்டர் போட்டோம். நல்ல தண்ணீர் உள்ளே வந்தது, மூன்றாவது ஓட்டை வழியாகச் சிங்க்கில் கொட்டியது. அடியிலிருந்து சாறு கோடு கோடாகக் கிளம்பி, ஓடுகிற தண்ணீரோடு சுழன்று, டப்பா முழுக்கச் சிவந்துபோனது. அப்படியே என் திரை. நான் தினமும் பார்க்கிற அதே திரை. "பம்ப ஏத்து" என்றேன் பழக்கத்தில். நீ நாற்காலி மேல் ஏறி நின்று நல்ல தண்ணீர் பாட்டிலை உச்சிக்குத் தூக்கினாய். தண்ணீர் இன்னும் வேகமாக ஓடியது, இன்னும் மோசமாகக் கலங்கியது. ஜன்னல் பக்கம் வெயில் வந்தது. நீ மேலே இருந்துகொண்டே, "இப்ப அந்த ஓட்டைய அடை" என்றாய்.

ஆள்காட்டி விரலை வைத்தேன்.

சுழல் நின்றது. அடியிலிருந்து வந்துகொண்டிருந்த சாறு, யாரோ பிடித்து நிறுத்தியது போல, குழாய் வாயிலேயே நின்றுவிட்டது. பழைய சிவப்பை ஒருமுறை வடியவிட்டு மறுபடி அடைத்தோம். டப்பாவுக்கு அந்தப் பக்கம் ஒட்டியிருந்த விலைச் சீட்டு எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. பிறகு நீ நாற்காலியிலிருந்து குனிந்து, என்னைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்தபடி, "பாத்தியா?" என்றாய்.

அன்றைக்கு அதை எத்தனை முறை அடைத்தும் திறந்தும் பார்த்திருப்போம். நீ விளக்கமும் கொடுத்தாய். "தண்ணி வெளிய ஓடறப்போ ரத்தத்தையும் இழுத்துனு போவுது. கதவத் தெறந்து வெச்சிட்டு ஃபேன் போட்டா தூசி அடங்குமா? நாம இத்தினி நாளும் ஃபேனோட ஸ்பீடத்தான் ஏத்தினு இருந்தோம்." இதில் நாம் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை, யாரோ எப்போதோ கண்டு எழுதிவைத்ததுதான். ஆனால் படித்ததற்கும் விரலில் உணர்ந்ததற்கும் இருந்த தூரம் எனக்கு அன்றுதான் புரிந்தது. மிச்ச பீட்ரூட்டைப் பொரியல் பண்ணிச் சாப்பிட்டோம். புறப்படும் முன் உன்னை ஒரு போட்டோ எடுத்தேன். முடியை அவிழ்த்துவிட்டு, அடங்காத சுருட்டையெல்லாம் நெற்றியில் விழ, நைட்டியில் சிவப்புக் கறையோடு, டப்பாவைக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

ஆபரேஷன் அன்றைக்குக் கோபாலுக்குப் பயம். பயந்தால் அவருக்குப் பேச்சு அதிகமாகும் போலிருக்கிறது. கழுத்தருகே நரம்பு மரத்துப்போக நீ ஊசி போட்டுக்கொண்டிருந்தாய். அவர் உன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், தொப்பிக்குள்ள முடி எப்டி? சுருட்டையா, நேரா?"

"ஏன், வெட்டப் போறீங்களா?"

"மூஞ்சி தெரிஞ்சா நானே சொல்லிடுவேன். மாஸ்கும் போட்டுனு இருந்தா எப்டிச் சொல்றது?"

"நல்லபடியா எழுந்து வாங்க. தொப்பியக் கழட்டிக் காட்டறேன்" என்றாய். அவர் அந்தச் சிரிப்போடு மயக்கத்துக்குப் போனார்.

பாதி வேலை நன்றாக நடந்தது. கருவியை வெளியே எடுக்கும்போதெல்லாம் உதவிக்கு நின்ற டாக்டர் துளையை விரலால் அடைத்துக்கொண்டார். திரை கண்ணாடி மாதிரி இருந்தது. கிழிந்த தசைநாரின் ஓரம், நைந்துபோன வேட்டிக்கரை போல, வெள்ளையாகத் தெரிந்தது. பிறகு அதைத் தைப்பதற்காக எலும்பின் மேல்பக்கத்தைச் சுரண்டியபோது, எங்கிருந்தோ ஒரு குழாய் திறந்துகொண்டது. நொடியில் திரை சிவந்தது. துளைகள் எல்லாம் அடைத்துத்தான் இருந்தன. அப்படியும் சிவப்பு.

எனக்கு வியர்த்துவிட்டது. நூல் பாதி உள்ளே, பாதி வெளியே. எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. சொல்லக்கூடாது என்று இருவரும் பேசி வைத்ததை என் வாய் சொல்லிவிட்டது: "மேடம், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பி.பி..."

"மாட்டேன்."

"ஒரு ரெண்டு நிமிஷம். ப்ளீஸ். இந்தக் கைய இப்படியே விட்டுட்டு வர முடியாது."

"அவருக்குக் கை வேணும். தெரியும். அவரு எழுந்து கை நல்லாயிருக்குன்னு சொல்றதுக்கு எனக்கு அவரு வாயும் வேணும், மேடம்."

அந்த மேடத்தின் நீளத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. துணியைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்ச் சண்டை போடலாமா என்று இருந்தது. பம்ப்பை ஏற்றச் சொல்லி வாயைத் திறந்தேன். அதற்குள் உன் குரல் வந்தது. சண்டைக் குரல் இல்லை, அடுக்களை நாற்காலி மேல் நின்று பேசிய குரல்.

"ஒந்து நிமிஷ. நீ இன்னமும் கேமராவ ஆட்டினே இருக்கியா?"

ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். சிவப்புக்குள் வழி தேடி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். உறிஞ்சும் குழாய்கூடத் திறந்துதான் இருந்தது. துளைகளை அடைத்தோமே தவிர, அதுவும் ஒரு கதவு என்பதை நாம் இருவருமே டப்பாவில் யோசிக்கவில்லை.

"எல்லாத்தையும் மூடு. உறிஞ்சறத நிறுத்து. கைய எடுக்காத, ஆட்டவும் ஆட்டாத. சும்னே நில்லு. இவரு இங்க நல்லாத்தான் இருக்காரு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

நின்றேன். ஆபரேஷன் நடுவில் ஒன்றும் செய்யாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? யாரோ நம்மைப் பார்த்துச் சிரிப்பது போல இருக்கும். உன் மானிட்டரின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. திரையில் சிவப்பு முதலில் ஆடியது, பிறகு சோம்பலானது, பிறகு ஒரு பக்கமாக ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்தில் எலும்பு தெரிந்தது. எலும்பின் ஓரத்தில் புகை மாதிரி ஒரு மெல்லிய சிவப்பு, ஒரே ஒரு புள்ளியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அவ்வளவு கலவரத்துக்கும் காரணம் அந்த ஒரு புள்ளி. கருவியை மெல்லக் கொண்டுபோய் அதைச் சுட்டு மூடினேன்.

நீயாகத்தான் துணிக்கு மேலாக எட்டிப் பார்த்தாய். தொப்பியும் மாஸ்கும், நடுவில் கண்கள் மட்டும். திரையைக் காட்டி நான் தலையை ஆட்டினேன். "ஆயித்தா? சரி, தை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாய்.

கோபால் கண் விழித்ததும் நான் அவர் தோளைப் பார்த்தேன், நீ அவர் வாயைப் பார்த்தாய். அவரைச் சிரிக்கச் சொன்னாய். கடை எங்கே என்று கேட்டாய். அவர் நீலசந்திராவில் எந்தத் தெரு, எந்தக் கோவிலுக்கு எதிரே, பக்கத்தில் எந்தக் கோழிக்கடை என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு சொல்கூடக் குழறவில்லை. நீ மாஸ்கைக் கீழே இழுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, பெரிதாக ஒரு மூச்சு விட்டாய். அதைப் பார்த்த பிறகுதான், நீ உள்ளே எவ்வளவு பயந்துபோயிருந்தாய் என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒரு கைதான் போயிருக்கும். உனக்கு மனிதரே போயிருப்பார். அதற்குள் அடுத்த கேஸுக்கு உன்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். தொப்பியைக் கழற்ற நேரமில்லாமல் ஓடினாய்.

இப்போது நான் கோபப்பட வேண்டிய இடம் வருகிறது. படுவேன், நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊரில் இருக்கிறவர்கள் எல்லோருடைய இரத்த அழுத்தத்தையும் கண் கொட்டாமல் பார்த்தவள் நீ. உன்னுடையதை யார் பார்த்தது? தலைவலி என்று சொல்லி மேஜை டிராயரில் இருந்த மாத்திரையைப் போட்டுக்கொள்வாய். "அந்தப் பட்டைய ஒரு தடவ உன் கைல கட்டிப் பாருடி" என்று நான் சொன்னபோதெல்லாம், "எனக்கு இன்னா, நான் குதிரை" என்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதே அடுக்களையில், தலைக்குள் ஒரு குழாய் உடைந்து விழுந்தாய். அதை அடைக்க யாருடைய விரலும் போய்ச் சேரவில்லை. உங்கள் வீட்டு ஹாலில் புத்த பிக்கு உட்கார்ந்து ஓத, சந்து முழுக்க ஆட்கள் நின்று கூடவே சொன்னார்கள். எனக்கு அந்த வரிகள் தெரியாது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு, உன் முடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரோ எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தார்கள். அது நீயே இல்லை. உன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கோபத்துக்கு நடுவே கேள்விகளும் வருகின்றன. அதுதான் உன்னோடு பழகிய தோஷம். சிலருடைய தோள் ஒன்றும் செய்யாமலே தெளிவாக இருக்கிறது, சிலருடையது எல்லாம் செய்தும் கலங்குகிறதே, ஏன்? புதிதாகப் பம்ப் ஒன்று வந்திருக்கிறது, உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தானே பார்த்துச் சரிசெய்துகொள்ளும் என்கிறார்கள். அதற்கு உண்மையிலேயே தெரியுமா, அல்லது அதுவும் கையில் கட்டிய பட்டை மாதிரிதானா? உன் அடுக்களையில் இன்னொரு டப்பா வைத்துப் பார்த்திருக்கலாம்.

உன் இடத்தில் இப்போது வேறொரு மயக்க டாக்டர் இருக்கிறார். நல்லவர், கேட்டால் மறுக்காதவர். அதனாலேயே நான் கேட்பதில்லை. திரை சிவந்தால் முதலில் துளையை அடைக்கிறேன். அப்படியும் சிவந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டுச் சும்மா நிற்கிறேன். போன மாதம் அப்படி நின்றபோது, "ஒந்து நிமிஷ" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் சொன்னது நான்தான். கன்னடம் தெரிந்த சிஸ்டர், "மேடம் நல்லாவே பேசறீங்களே" என்றார்.

சென்ற வாரம் நீலசந்திரா பக்கம் ஒரு வேலை இருந்தது. கோவிலுக்கு எதிரே, கோழிக்கடைக்குப் பக்கத்தில், கோபால் சொன்ன இடத்திலேயே கடை இருந்தது. குட்டி ஸ்டூலின் மேல் செய்தித்தாள்கள் அடுக்கியிருந்தன. பெரிய நாற்காலியில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கோபால் அவர் உச்சியில் கத்தரியை ஓட்டிக்கொண்டே யாரையோ பற்றி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். டீ சொன்னார். கையைப் பற்றி நான் கேட்பதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"அந்த இன்னொரு மேடம் எப்டி இருக்காங்க? தொப்பியக் கழட்டிக் காட்டறேன்னு சொல்லிட்டு ஓடிட்டாங்க. திரும்ப வரவே இல்ல."

சொன்னேன். அவ்வளவு பேசுகிற மனிதர் பேசாமல் நின்றது எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து, மெல்லக் கேட்டார்: "சுருட்டைதானே மேடம்?"

போனில் அந்தப் போட்டோவைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்தேன். வாசல் வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. அவர் கடைக்குள் போனார், டியூப் லைட்டுக்கு அடியில் நின்றார். போனை வலது கையில் பிடித்து, தலைக்கு மேலே, வெளிச்சத்துக்குப் பக்கத்தில் உயர்த்திப் பார்த்தார். தோள் முழுதாகத் திறந்து, கை காதோடு ஒட்டி நிமிர்ந்து நின்றது. நடுங்கவில்லை. அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா தெரியறாங்க மேடம்" என்றார், குழறாமல்.

அவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் எல்லாம் இன்னொரு முறை தெரிந்தது. உயர்ந்த கை, அதன் முனையில் சுருட்டை முடியும் சிவப்புக் கறையுமாக நீ. எனக்குக் கண் கலங்கியது. துடைக்காமல், அசையாமல், அது அடங்கும்வரை நின்றேன். பிறகு, பக்கத்தில் யாருமில்லாத பக்கமாகத் திரும்பி, உன்னிடம் கேட்டேன்.

"பாத்தியா?"